போசி நெறஞ்சிருச்சுங்க

கல்யாண அடுப்பில் வேகிறது சோறு என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். வேகிறது சமைக்கிறவள் வயிறு என்பது அடுப்படியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சாமான் பட்டியல் எழுதித்தான் கைக்குப் பழக்கம். முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்துவிடுவேனோ, யாராவது படித்துவிட்டு “நான் அப்படிச் சொல்லலீங்களே” என்று வாசலில் வந்து நிற்பார்களோ என்று நினைத்து, நேற்றிலிருந்து மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன். ஆனால் பந்தி நடக்கும்போது அண்டாவின் அடியை எட்டிப் பார்த்து நெஞ்சு அடைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். தப்பு இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

பயம் பிடித்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கல்யாணம். என் பேரில் பிடித்த சமையல். கடைசிப் பந்தியில் சாம்பார் பத்தவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, வாளியும் கையுமாகப் பந்தி நடுவில் நின்று, “அக்கா, சாம்பார் தீந்துபோச்சுங்க!” என்று கத்திவிட்டாள். மங்கல வீட்டில் ‘தீர்ந்தது’ என்று ஒரு சொல்! காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர் இலையை மடித்தார், எழுந்தார். அவர் பின்னால் பதினோரு பேர் எழுந்தார்கள்.

அந்த வீட்டார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எட்டு மாதம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இன்னொருத்தர் குழுவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். மறுபடியும் ஒரு பந்தியில் ஒரே ஒருவர் பசியோடு எழுந்தாலும் இனி என் பேரில் அடுப்பு எரியாது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்துபோனது.

அதனால் குழுவில் ஒரு சட்டம் போட்டோம். எது காலியானாலும் காலி என்று சொல்லக் கூடாது, ‘நெறஞ்சிருச்சு’ என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் அரிசி தீர்ந்தால் பானை நிறைந்திருக்கிறது என்று சொல்வோமே, அதே மாதிரி. பாத்திரத்துக்கு எங்கள் பக்கம் போசி என்று பேர். என்னோடு பதினைந்து வருசமாகச் சமைக்கிற மயிலாத்தாள் அந்தச் சட்டத்தை எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னாள்: “போசியில ஒரு பருக்கை இல்லீன்னாலும் நெறஞ்சிருச்சுன்னுதான் சொல்லோணும், மாத்திச் சொன்னா வாயில கரண்டியப் போட்டுருவேன்.”

சௌகரியம்போல

மறுபடி எனக்கு முதலில் வந்த பெரிய வேலை வாணியின் கல்யாணம். பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெண். சித்திரை மாசத்து வெயிலில் டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினாள். மண்டபம் வேண்டாமாம். அவிநாசிக்குப் பக்கத்தில் அவள் அப்பா நாச்சிமுத்து அண்ணனின் தென்னந்தோப்பில், வைகாசியில் கல்யாணமாம். நாற்காலிக்குப் பதில் கயிற்றுக் கட்டில். மைக் செட் கிடையாது. வருகிறவர்கள் கிணற்றில் குளிக்கலாம், தொட்டியில் குளிக்கலாம், மரத்தடியில் படுத்துத் தூங்கலாம். பொண்ணும் மாப்பிள்ளையுமே பரிமாறுவார்கள்.

“எத்தன பேருங்க கண்ணு?” என்று கேட்டேன். “அதக் கேக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோமுங்கக்கா” என்றாள். பத்திரிகையை நீட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சொந்தமாக எழுதிய பத்திரிகை. முகூர்த்தம் காலையில், சாப்பாடு மாலை வரை, ‘உங்கள் சௌகரியம்போல வாருங்கள், சௌகரியம்போல இருங்கள்’ என்று போட்டிருந்தது. ‘குடும்பத்துடன்’ என்று போட்டாலே எங்கள் பக்கம் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கூட்டி வருவார்கள். மண்டபத்துக்காவது பந்திக்கு ஒரு கதவு உண்டு, அதைச் சாத்தலாம். தோப்புக்கு நாலு திசையும் வழி. என் முகத்தைப் பார்த்து வாணி சிரித்தாள். “ஏனுங்கக்கா பயப்படறீங்க? பாதிப் பேரு கெணத்துலயே கெடப்பாங்க, சோத்து நெனப்பே வராது!”

பாவாயி அத்தையின் கோபம்

கிணற்றில் குளித்தவனுக்கு இரட்டைப் பசி என்பது பாடம் எடுக்கிற பெண்ணுக்குத் தெரியவில்லை. அறுநூறு பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழுநூறுக்குப் பட்டியல் போட்டேன். இடியாப்பம்போலப் பிழிகிற சந்தகையும் தேங்காய்ப் பாலும், மற்ற ஊர்களில் போளி என்கிற ஒப்புட்டு, பச்சைப் புளி ரசம் எல்லாம் வாணி சொன்னது. அதில் ஒன்று அரிசிம்பருப்பு, அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்குகிற சோறு. மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு, வேறு எதற்கும் நேரம் இல்லாமல் வாணியின் அம்மா அவசரமாக அரிசிம்பருப்பு கிண்டிப் போட்டாராம். மாப்பிள்ளை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாராம். அதனால் கல்யாணத்தில் அது வேண்டும் என்றாள்.

நான் பயந்தவள் இல்லையா, கடைசி நேரத்தில் பதறக் கூடாது என்று அரிசியும் துவரம்பருப்பும் பத்துக் கிலோ வாங்கி, முன்கூட்டியே கலந்து ஒரு மஞ்சள் பையில் கட்டி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்த நாள் நாச்சிமுத்து அண்ணனின் அக்கா, எல்லாரும் பாவாயி அத்தை என்று கூப்பிடுகிறவர், பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அரிசிம்பருப்பு என்றதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். மத்தியானம் காட்டிலிருந்து வந்து அவசரத்துக்குப் பொங்குகிற சோற்றைக் கல்யாணத்தில் போடுவதா? வாணி கெஞ்சினாள், அத்தை அசையவில்லை. பட்டியலில் நானே அதை அடித்தேன். கலந்த அரிசியையும் பருப்பையும் எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்க மாட்டார். பையை என்ன செய்வது என்று கவலையாக இருந்தது. அத்தை வாணியிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: “பொண்ணு பாக்க வந்தவீகளுக்கு அரிசிம்பருப்பு போட்டதையே நா இன்னும் வெளிய சொல்லாம மறச்சு வெச்சிருக்கறேன், நீ ஊரக் கூட்டிச் சொல்லறயா?”

புளியமரத்துக் குடித்தனக்காரர்கள்

முந்தின நாள் பாத்திரங்களோடு தோப்புக்குப் போனோம். பந்தி போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு பெரிய புளியமரத்தடியில் அடுப்புக் கோலியிருந்தார்கள். நல்ல நிழல். நான் அண்ணாந்து பார்த்தேன். உச்சிக் கிளையில் முறம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. காற்று அடித்தபோது அதன் மேல் ஓர் அலை ஓடியது. மலைத்தேனீ!

“அது நாலு வருசமா அங்கதான் குடியிருக்குது, ஒருத்தரையும் கொட்டுனதில்லீங்க” என்றார் நாச்சிமுத்து அண்ணன். “நாலு வருசமா அதுக்கடியில எழுநூறு பேருக்கு யாரும் சமைக்கலீங்களேண்ணா” என்றேன். அவர் மரத்தை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், மண்வெட்டியை எடுத்தார். மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், புகை மரத்துக்குப் போகாத இடமாகப் பார்த்துப் புது அடுப்பு வெட்டினோம். பந்திக்கும் அடுப்புக்கும் நடுவில் இருநூறு அடி. இங்கிருந்து சத்தம் போட்டால் அங்கே கேட்காது. அது வேறு ஒரு பயமாக முளைத்தது. மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: “நடந்தா காலு வீங்கும், நின்னா மூஞ்சி வீங்கும். காலே வீங்கட்டுமுங்கக்கா.”

வாளி தூக்கிய மாப்பிள்ளை

முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. நான் பார்க்கவில்லை, தேங்காய்ப் பால் வெயிலில் திரிந்துவிடுமோ என்று அதன் மேல் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பந்திக்கே முந்நூறு பேர். மயிலாத்தாள் பந்தியடியில் நின்று பரிமாறுவதைப் பார்த்தாள், நான் அடுப்படியில் நின்றேன். இரண்டாம் பந்திக்குள் எங்கள் பெண்கள் நடந்து நடந்து ஓய்ந்துபோனார்கள். அப்போது பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ரகு வந்து நின்றார்.

அவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் ஒரு ‘ங்க’ வராது, அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘மேடம்’ சேர்த்துக்கொள்வார். கொதிக்கிற சாம்பார் வாளியை அவர் தூக்கியபோது நான் சாமியைக் கூப்பிட்டேன். தாலி கட்டி இரண்டு மணி நேரம் ஆகவில்லை, காலில் கொட்டிக்கொண்டால் பழி யாருக்கு? வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டு, சேதி மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். அவருக்கு ஒரே சந்தோசம். “சரி மேடம், இன்னைக்கு நான்தான் உங்களுக்குத் தபால்காரன்!”

தபால் போய்ச் சேர்ந்த இடம்

மூன்றாம் பந்தி முடியும்போது மணி மூன்று. அடுப்படியில் இருந்ததையெல்லாம் பந்தியடிக்கு அனுப்பிவிட்டேன். யாரும் பசியோடு எழவில்லை. காலையிலிருந்து முதல் முறையாகத் தரையில் உட்கார்ந்தேன். அதே நேரம் அங்கே மயிலாத்தாள் சோற்றுப் போசியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சட்டப்படி, “போசி நெறஞ்சிருச்சுங்க மாப்ளே, அக்காகிட்டச் சொல்லிப்போடுங்க” என்று சொல்லியிருக்கிறாள். ரகு என்னிடம் வருகிற வழியில் நாச்சிமுத்து அண்ணன் மறித்திருக்கிறார். வாணியின் அம்மா ஊரான மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த பஸ் வழியில் நின்றுபோய், அப்போதுதான் அறுபது பேர் பசியோடு இறங்கியிருந்தார்கள். “சோறு இருக்குதுங்களா மாப்ளே?” என்று அண்ணன் கேட்க, கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லாமல், “நிறைய இருக்காம் மாமா, இப்பத்தான் சொன்னாங்க” என்றிருக்கிறார் ரகு. ‘நெறஞ்சிருச்சு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அண்ணனுக்குப் புரிந்திருக்கும். சென்னைத் தமிழில் போய்ச் சேர்ந்தது வேறு தபால்.

மயிலாத்தாள் ஓடி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஓடி வந்தாள். “அறுவது பேரு எலையில உக்காந்துட்டாங்கக்கா. மேட்டுப்பாளையத்து ஆளுங்க. அந்தக் கடுக்கன்காரரு மொத எலை.” என் காதில் வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பின்னாலேயே ரகு சிரித்துக்கொண்டு வந்து, சோறு அனுப்பலாமா மேடம் என்று கேட்டார். மயிலாத்தாள் அவருக்கு விளக்கிச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. “நிறைஞ்சிருச்சுன்னா காலியா? அப்ப நிஜமாவே நிறைஞ்சிருந்தா என்ன மேடம் சொல்வீங்க?”

மஞ்சள் பை

“மஞ்சப் பை இருக்குதில்லீங்கக்கா?” என்று மயிலாத்தாள்தான் கேட்டாள். இருந்தது. வேண்டாம் என்று அடித்ததை, கையில் இருந்தால் தைரியம் என்று வண்டியில் ஏற்றி வந்திருந்தேன். ஓர் அண்டா வெந்நீரும் எப்போதும் போல அடுப்பில் இருந்தது. அதுவும் என் பயத்துக்கு வைப்பதுதான். ஆனால் மதியத்துக்கு மேல் காற்றுத் திரும்பி நேராகப் புளியமரத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. மட்டையை வைத்து எரித்தால் புகை போகும். இந்தப் பக்கம் அறுபது பசி, அந்தப் பக்கம் ஆயிரம் கொடுக்கு. “கொட்டாங்குச்சி! புகையாது!” என்றேன். ரகு பட்டு வேட்டியோடு கொட்டகைக்குப் பின்னால் ஓடி, மடி நிறையக் கொட்டாங்குச்சியாகக் கொண்டுவந்து கொட்டினார்.

சின்ன வெங்காயமும் பூண்டும் வரமிளகாயும் வதங்கும்போது ஒரே ஒரு தேனீ வந்து என் கரண்டியைச் சுற்றியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது போனது, பாவாயி அத்தை வந்தார். தாளிப்பு வாசம் இழுத்து வந்திருக்கிறது. “நா வேண்டாமுன்னு சொன்னதையே செய்யறயா அம்மிணி?” என்றார். நான் பக்கத்தில் போய், “ஏனுங்கம்மா, சோறு நெறஞ்சிருச்சுங்க” என்றேன். அவருக்கு அந்த ஒரு சொல் போதும். தம்பி வீட்டு மானம் அல்லவா! கடுகு வெடித்து அடங்குகிற நேரம் அப்படியே நின்றார். பிறகு விறுவிறுவென்று பந்திக்கு நடந்தார். வேகிறதை மயிலாத்தாளிடம் விட்டுவிட்டு நானும் பின்னால் போய், ஒரு தென்னைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுபது இலையிலும் உப்பும் பொரியலும் மட்டும் இருந்தது. கடுக்கன்காரர் இலை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மடிக்கப்போகிற விரல் என்று எனக்குத் தெரியும். பாவாயி அத்தை நடுவில் போய் நின்று, மைக் செட் இல்லாத குறை தெரியாமல் சொன்னார்: “யாரும் எந்திரிச்சுப்போடாதீங்க! எங்கூட்டுல கடைசிப் பந்திக்கு ஒரு சீருமொறை இருக்குது. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒறம்பரை சனத்தோட ஒண்ணா உக்காந்து அரிசிம்பருப்பு சாப்பிடோணும். அடுப்புலருந்து நேரா எலைக்கு வரோணும், ஆறப்படாது. அதுக்குத்தான் இந்த நேரம்!”

நாச்சிமுத்து அண்ணன் தன் அக்காவை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பவர் போலப் பார்த்தார். வாணி மட்டும் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. ரகுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடுக்கன்காரருக்கு எதிர் இலையில் உட்கார்ந்துவிட்டாள். பொண்ணு மாப்பிள்ளை உட்கார்ந்த பந்தியில் அவர்களுக்கு முன்னால் யார் எழுவது? மிச்சமிருந்த ஒப்புட்டையும் மோரையும் கொண்டு அரை மணி நேரத்தை ஓட்டினோம். அந்த அரை மணியில் நான் எத்தனை தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டேன் என்பதை எழுதினால், சிலவற்றை இன்னும் செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

அரிசிம்பருப்பு ஆவி பறக்க வந்தது. மேலே நெய் ஊற்றினார்கள். ரகு மறுபடியும் மூன்று தரம் வாங்கினார். யாரும் எழவில்லை. கைகழுவப் போகும்போது கடுக்கன்காரர் நான் நின்ற தென்னைமரத்தடியில் நின்றார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அன்னைக்குச் சாம்பாருக்கும் இப்படி ஒரு சீரு சொல்லியிருந்தீங்கன்னா, நா எந்திரிச்சிருக்கவே மாட்டேனுங்களே அம்மிணி.”

சீர்

அவர் வெளியில் சொல்லிவிடுவார் என்று ஒரு மாதம் தூங்கவில்லை. அவர் சொன்னது வேறு. ஆவணி பிறந்ததும் மேட்டுப்பாளையத்திலிருந்தே ஆள் வந்தது, அந்தப் பெரியவர் சொல்லி அனுப்பினாராம். வந்த அம்மாள் பட்டியல் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, எல்லாரும் செய்கிற ஒன்றைத் தான் மட்டும் அறியாமல் இருந்துவிட்டோமோ என்கிற பயத்தோடு கேட்டார்: “ஏனுங்க, கடைசிப் பந்தியில அரிசிம்பருப்புச் சீரு உங்காளுங்கதான் மொறையா செய்வாங்களாமா?”

அது சீர் இல்லை, பாவாயி அத்தை கடுகு வெடிக்கிற நேரத்தில் உண்டாக்கியது என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மயிலாத்தாள் என் காலை மிதித்தாள். “ஆமாங்க, எங்க குழுவுல அத உடறதே இல்லீங்க” என்றேன். அன்றையிலிருந்து நான் போகிற ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பத்துக் கிலோ அரிசியும் பருப்பும் கலந்து மஞ்சள் பையில் கட்டி, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பட்டியலின் கடைசி வரியில் ‘சீர்’ என்று எழுதிவிடுகிறேன். பயத்தை இறக்கிவைக்க எனக்குக் கிடைத்த இடம் அந்த ஒரு வரிதான், அதையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறேனா என்று இரண்டு தரம் பார்த்துக்கொள்கிறேன்.